கரிக் கிரவுண்டும் சாவித்திரியக்கா வீட்டு மாடியும்

அம்பத்தூரில் சொந்த வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கவலை பொதுவானது. ரோடு உயர உயர வீடு தாழ்ந்துகொண்டே போகும். போட்ட ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு ரோடு போடுவார்கள். கிரகப்பிரவேசத்தன்று மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள், மகன் கல்யாணத்தன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். அதனால் வீட்டுக்கடியில் ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்குவது எங்கள் பக்கம் அதிசயம் இல்லை. சாவித்திரியக்கா தன் வீட்டைத் தூக்க ஆள் வரவழைத்தபோது தண்ணீருக்குப் பயந்துதான் என்று எங்கள் பகுதியான கள்ளிக்குப்பமே நம்பியது. அவர் புருஷன் ஞானசேகரனும் அப்படித்தான் நம்பினார். பாவம்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, சாவித்திரியக்கா வீட்டுத் தெருமுனையில் இருக்கிற அடுக்குமாடியில் குடியேறியவன். என் வீட்டு பால்கனியில் நின்றால் பக்கத்துக் கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள் தெரியும், வேறொன்றும் தெரியாது. சாவித்திரியக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் மத்தியானம் முழுக்க ஓடும். மாவு வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் நின்றிருந்தது, வீட்டில் யாரும் இல்லை, மாடியிலிருந்து ஒரே கூச்சல். பாத்திரத்தோடு மேலே ஏறிப் பார்த்தேன். தெருப் பெண்கள் அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். கீழே, எட்டிக் குதித்தால் விழுகிற தூரத்தில், ஒரு கோல் போஸ்ட். அன்றைக்கு நான் மாவு வாங்காமலேயே வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை.

மைதானத்துக்கு இன்று பளபளவென்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆட்டோக்காரரிடம் கரிக் கிரவுண்டு என்றால்தான் வண்டி கிளம்பும். ஆதியில் அது செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பரிதி கிளப் என்று ஒன்றை ஆரம்பித்தபோது, ஆட இடம் வேண்டுமென்று வார்ப்புப் பட்டறை லாரிகளைக் கையைக் காலைப் பிடித்து இங்கே திருப்பிவிட்டார்கள். இரும்பு வார்த்த பிறகு கொட்டுகிற மணல் எரிந்து கறுத்துப் போயிருக்கும். அந்த மணலால் பள்ளத்தை நிரப்பி அதன் மேல்தான் ஆட்டம். பரிதி கிளப்காரன் யாரென்று முட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும், எத்தனை சோப்பு போட்டாலும் கறுப்பு போகாது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வெள்ளை டவுசரில் வந்து இறங்குகிற அணிகள் திரும்பிப் போகும்போது அடுப்பங்கரையில் புரண்டவர்களைப் போலப் போவார்கள். முதல் கோல் போஸ்ட்டை ஞானசேகரன் அப்ரண்டிஸாக இருந்தபோது சாப்பாட்டு இடைவேளையில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். கேலரி என்று எதுவும் கிடையாது. வடக்குக் கோலுக்குப் பின்னாலிருந்த ஞானசேகரன் வீட்டு மாடிதான் கேலரி.

வேப்பம்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த சாவித்திரியக்காவுக்கு முதல் வருஷம் பந்து என்றாலே ஆகாதாம். காயப்போட்ட அரிசியில் வந்து விழுந்த பந்தை அரிவாள்மணையில் வைத்து அறுத்திருக்கிறார். அப்புறம் மாடியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துப் பார்த்து, உரிக்கிற வெங்காயத்தை மறந்து பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டார். ஆட்ட நாளில் பட்டாணிச் சுண்டல் ஒரு குண்டான் மேலே போகும். ஆண்கள் கோட்டோரம் நிற்பார்கள், பெண்கள் மாடியில் நிற்பார்கள். எங்கள் ஆள் பந்தோடு போகும்போது எதிராளி பின்னால் வந்தால் அக்கா மேலிருந்து ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலை நம்பித் திரும்பாத பரிதிக்காரன் கிடையாது. எதிரணிக்காரர்கள், அந்த அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று ரெஃப்ரியிடம் புகார் சொன்னதுகூட உண்டு.

ஞானசேகரன் கிளப்பின் செயலாளர். பம்ப் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேலை என்றால் இந்த மைதானம்தான். அதிகாரிகளின் வாசலில் நடையாய் நடந்து, கடைசியில் ஒருவழியாக நிதி ஒதுக்க வைத்துவிட்டார். கறுப்பு மணலை அள்ளிவிட்டு, தண்ணீர் தேங்காமல் மேடாக்கி, பச்சைப் புல் விரித்து, கிழக்கிலும் மேற்கிலும் கேலரி, நாலு மூலையிலும் விளக்குக் கம்பம். ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கூடவே ஒரு மதில் சுவரும் வேண்டுமென்று அவர்தான் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்திலிருந்தே மரத்திலும் மாடியிலும் உட்கார்ந்து ஊர் இலவசமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, கிளப் எப்போது தலையெடுப்பது என்பது அவர் வாதம். அதில் தப்பும் சொல்ல முடியாது.

வடக்குக் கோலுக்குப் பின்னால் மதில் எழும்பியது. அதற்கு மேல் பந்து வெளியே போகாதிருக்கத் தகரம் அடித்தார்கள். தகரம் அடித்து முடித்த அன்று சாயங்காலம் சாவித்திரியக்கா வெங்காயக் கூடையோடு மாடிக்குப் போனார். போன வேகத்தில் கீழே இறங்கி வந்தார். அதோடு புருஷனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

எதுவானாலும் மகள் பவ்யா வழியாகத்தான். சாம்பார் ஆறுகிறது என்று உங்கப்பனிடம் சொல் என்பார். வருகிறேன் என்று உங்கம்மாவிடம் சொல் என்பார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஞானசேகரன். பவ்யா வானகரத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள், வீட்டுக்கு வந்தால் இந்த வேலை. முதல் வரிசையில் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உங்கம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தருகிறேன், அட்டையில் பெயர்கூட எழுதியாகிவிட்டது என்று அவர் மகளிடம் சொல்லிப் பார்த்தார். நான் மாவு வாங்க நின்றிருந்தேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

"உள்ள போனா நான் டிக்கெட்டு. மேல நின்னா அது என் ஊடு. முப்பது வருசமா என் ஊட்டு மாடில நின்னுகினு பாத்தேன், எவனாண்டயும் கைய நீட்டல. இப்ப இவரு எனுக்கு சேர் போடறாராமா? அத்த அவரையே குந்திக்கச் சொல்லு."

பவ்யா அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் வீட்டைத் தூக்கும் பேச்சை அக்கா எடுத்தார். மைதானத்தை மேடாக்கிவிட்டார்கள், இந்த மழைக்கு அந்தத் தண்ணீரெல்லாம் நம் வீட்டுக்குள்தான் வரும் என்றார். நியாயமான பேச்சு. தன் மைதானத்தால் தன் வீடு முழுகுகிறது என்ற பழி வேண்டாமென்று ஞானசேகரனும் சம்மதித்தார். பூந்தமல்லியிலிருந்து சுலைமான் வந்தார். ஒல்லியான மனிதர், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அவரிடம் வடநாட்டுப் பையன்கள் பத்துப் பேர் இருந்தார்கள்.

அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கடியில் இரும்புச் சட்டம் நுழைத்து, வரிசையாக ஜாக்கிகளை நட்டார்கள். வீட்டுச் சாமான்களும் குடும்பமும் எதிர்வீட்டுப் பத்மாக்கா வீட்டுக்குப் போயின. கிரைண்டரும் போனது. பையன்களுக்குத் தமிழ் தெரியாது, சுலைமானுக்குத் தெரிந்த இந்தி சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அளவுதான். அதனால் விசில். ஒரு விசில் அடித்தால் ஆளாளுக்குத் தன் பொறுப்பிலிருக்கும் ஜாக்கிகளைக் கால் சுற்றுச் சுற்ற வேண்டும். மறு விசில் வரும்வரை கை வைக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறினால்தான் வீடு வீடாக இருக்கும். அந்த விசிலுக்கு அவர்கள் பழகியிருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பீடியை வாயில் வைத்தபடி அரைத்தூக்கத்தில் இருப்பவன்கூட விசில் கேட்டால் கை தானாகக் கம்பிக்குப் போகும்.

மூன்றடி போதும் என்றார் சுலைமான். அஞ்சடி என்றார் அக்கா.

"அக்கா, பழைய செவுரு. மூணடி தூக்குனா எந்த ஏரி ஒடச்சிக்கினு வந்தாலும் உன் வாசப்படிய தொடாது. அஞ்சடி எதுக்கு, கப்பலா உடப்போற?"

அக்கா காரணம் சொல்லவில்லை. காரணம் வெளியானது ஒரு காலையில். வேலையைப் பார்க்க வந்த ஞானசேகரன் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். மொட்டை மாடியில் ஒரு ஏணியைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாத்தி, அதன் படிகளில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தார் அவர் சம்சாரம். ஒரு படி ஏறுவார், மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், இன்னொரு படி ஏறுவார். ஒரு படியில் நின்றபோது முகம் மலர்ந்தது. இறங்கி, அந்தப் படிக்குத் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று சேலை முந்தானையால் அளந்தார். அப்போதுதான் அந்த மனிதருக்கு அஞ்சடியின் அர்த்தம் புரிந்தது.

தெருவில் நின்று அவர் போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. மேட்ச் பார்க்க வீட்டைத் தூக்குகிற பொம்பளையை உலகத்தில் பார்த்திருக்கிறீர்களா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். பார்த்ததில்லை என்று நாங்களும் தலையாட்டினோம். மனசுக்குள் எனக்கு அந்த அம்மாள்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது. கடைசியில் சுலைமான் நடுவில் புகுந்து நாலடி என்று முடித்துவைத்தார். "நாலு. அதுக்கு மேல ஒரு வெரக்கட கூட ஏத்தக் கூடாது" என்று ஞானசேகரன் விரலை நீட்டிச் சொன்னார். மகளிடம்தான் சொன்னார்.

திறப்பு விழா ஆட்டத்துக்கு முன்பே வேலை முடிய வேண்டியது. நடுவில் மழை பிடித்துக்கொண்டு, தோண்டின குழியெல்லாம் குட்டையாகிவிட்டது. ஆட்டத்துக்கு முதல் நாள்தான் நாலடியை எட்டினார்கள். அக்கா ஏணி போட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தார். எதிர்க்கோலின் மேல்கம்பி தெரிந்தது. புல் தெரியவில்லை. இன்னும் அரைச் சாண் ஏற்றினால் தெரிந்துவிடும் என்று சுலைமானிடம் கெஞ்சினார். அந்த ஆள் காதைப் பொத்திக்கொண்டு, அண்ணாத்தே நாலுன்னா நாலுதான் என்றுவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா உட்காரவில்லை என்று பத்மாக்கா சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையிலிருந்தே ஸ்பீக்கர், தோரணம், பாலாபிஷேகம் செய்யாத குறை. திருமழிசையில் வேலைக்குப் போகிற எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் கோபி புது ஜெர்சியோடு தெருவில் ஒரு தடவை நடந்து காட்டிவிட்டுப் போனான். ஆவடி அணி வேனில் வந்து இறங்கியது. ஞானசேகரன் வெள்ளைச் சட்டையில் சந்தனம் வைத்துக்கொண்டு கேட்டுக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பெரிய ஆட்டத்துக்கு முன்னால், சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை கூட்டத்தை உட்கார வைக்க, சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இங்கே வீட்டடியில் வேலை ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். கடைசியாக ஒரு தடவை மட்டம் பார்த்துவிட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். பின்பக்கம், மதிலை ஒட்டிய சமையலறைப் பக்கத்துப் பையன்கள் நாலு பேரையும் ஜாக்கிகளுக்கு முன்னால் தயாராக உட்கார வைத்துவிட்டு, முன்பக்கத்து ஆட்களைச் சாப்பிட அனுப்பினார் சுலைமான். தானும் டீ குடிக்கத் தெருமுனைக்கு வந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஆட்டம் ஆரம்பமானது. ரெஃப்ரி விசில் அடித்தார்.

பின்பக்கத்துப் பையன்கள் நாலு பேரும் கால் சுற்றுச் சுற்றினார்கள்.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஃபவுலுக்குப் பஞ்சமா? பந்தை விட்டுவிட்டுக் காலைத்தான் உதைப்பார்கள். கையால் தொட்டால் ஒரு விசில், தள்ளிவிட்டால் ஒரு விசில், அழுதால் ஒரு விசில். மதிலுக்குப் பின்னால் குழிக்குள் குத்துக்காலிட்டிருந்தவர்களுக்கு எந்த விசில் யாருடையது என்று எப்படித் தெரியும்? இன்றைக்கு முதலாளி அவசரப்படுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். சுலைமான் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். மறுபடி ஒரு விசில். கிளாஸ் கீழே விழுந்தது. அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு இரண்டும் தெருவிலேயே கிடந்தன.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். சமையலறைப் பக்கம் அரைச் சாண் உயரம் ஏறி, வீடு தெருவைப் பார்த்துக் குனிந்திருந்தது. பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு பிளவு, உள்ளே கை நுழையும். பரணில் விட்டுவைத்திருந்த பழைய குண்டான் ஒன்று உருண்டு விழுந்து உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன்கள் வெளியே ஓடிவந்து முகம் வெளுத்து நின்றார்கள். சாவித்திரியக்கா பத்மாக்கா வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்து அந்தப் பிளவைப் பார்த்தார். வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு சொத்து கிடையாது.

பவ்யா ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்தாள். கையில் சிறப்பு விருந்தினருக்கான மாலையோடு வந்தார் மனிதர். வீட்டைப் பார்த்தார். அப்போதே சொன்னேனா இல்லையா என்று அவர் ஆரம்பிக்கப் போகிறார், இந்தக் குடும்பம் இன்றோடு சரி என்று நினைத்தேன். ஆனால் அக்காதான் வாயைத் திறந்தார். மகளைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்தார்.

"இன்னாய்யா பண்றது இப்ப?"

"இரும்மே. சுலைமான் பாய் கீறாரு இல்ல. பயப்படாத" என்றார் ஞானசேகரன். மாலையை என் கையில் கொடுத்தார்.

சுலைமான் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு சட்டமாகத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். பின்பக்கத்தை இறக்கினால் சுவர் இன்னும் பிளக்கும். ஒரே வழி, முன்பக்கத்தையும் பக்கச் சுவர்களையும் அதே உயரத்துக்கு ஏற்றி மட்டமாக்குவது. அதையும் உடனே செய்ய வேண்டும். ஒரு ஆள் மூன்று ஜாக்கியை மாற்றி மாற்றிச் சுற்றுகிற வேலை இனி ஆகாது, ஒரு ஜாக்கிக்கு ஒரு ஆள் வேண்டும்.

"ஆளு நான் தரேன்" என்றார் ஞானசேகரன்.

"ஆளு குடுத்தா மட்டும் பத்தாது அண்ணாத்தே. உள்ள ஒரு விசில் தப்பா அட்ச்சான்னா ஊடு ரெண்டாப் பூடும். விசில நிறுத்தணும். கூச்சலயும் நிறுத்தணும். என் விசிலு மட்டுந்தான் கேக்கணும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் பட்டாசு வெடித்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். பெரிய ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம். எத்தனையோ வருஷமாக அந்த மனிதர் காத்திருந்த நிமிஷம் அது. அதைப் போய் அவரே நிறுத்த வேண்டும், அதுவும் தன் வீட்டுக்காக. ஊர் என்ன பேசும்? ஞானசேகரன் ஒரு தடவை மதிலைப் பார்த்தார், ஒரு தடவை சம்சாரத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டை நோக்கி ஓடினார். அறுபது தாண்டிய மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, விளையாட்டு வீரர்களே, உங்கள் அனைவருக்கும் பணிவான..." என்று தொடங்கியவருக்கு அதற்கு மேல் மேடைத்தமிழ் வரவில்லை. "தோ பாருங்க. இந்த மதிலுக்குப் பின்னாடி என் ஊடு ஜாக்கி மேல நிக்குது. உங்க விசிலு சத்தத்த கேட்டு ஒரு பக்கம் ஏறிப்பூட்ச்சி."

கேலரி சிரித்தது. அவர் நிறுத்தினார்.

"சிரிங்க, பரவால்ல. சிரிச்சி முட்ச்சிட்டு, ஊடு நேராவுற வரிக்கும் யாரும் மூச்சு உடாதீங்க. ரெஃப்ரி சார், அந்த விசிலக் கொஞ்சம் பாக்கெட்ல வைங்க. கரிக் கிரவுண்டுல ஆடுன பழைய பசங்க யாராச்சும் இருந்தா என் ஊட்டாண்ட வாங்க, ஆள் வேணும்."

மேற்குக் கேலரியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். நரைத்தவர்கள், தொப்பை விழுந்தவர்கள், முழங்கால் தேய்ந்து சாய்ந்து நடக்கிறவர்கள். விழாவுக்கென்று இஸ்திரி போட்ட சட்டையோடு குழிக்குள் இறங்கி ஆளுக்கொரு ஜாக்கியைப் பிடித்தார்கள். பின்னாலேயே கோபி ஜெர்சியோடு வந்தான். ஆட்டத்தை வைத்துக்கொண்டு கையை நசுக்கிக்கொள்ளாதே என்று அக்கா அவனை விரட்டி உள்ளே அனுப்பினார். ஒரு ஜாக்கிக்கு ஆள் குறைந்தது. நான் மாலையை மதில் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினேன். என் ஜாக்கி முன்வாசலுக்கு நேரே இருந்தது. பக்கத்து ஜாக்கியில் இருந்த வடநாட்டுப் பையன் என் கையைப் பிடித்துக் கம்பியில் சரியாக வைத்துக் காட்டினான்.

அப்புறம் வந்த அமைதியை என்னவென்று சொல்வது? அத்தனை ஜனம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு இருமல் இல்லை. தோரணக் காகிதம் படபடப்பது கேட்டது. எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தினார்கள்.

சுலைமான் விசில் அடித்தார். முன்பக்கத்தில் எல்லோரும் கால் சுற்றுச் சுற்றினோம். தலைக்கு மேல் வீடு முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு சுலைமான் மூலைக்கு மூலை ஓடிப் பார்த்தார். மறுபடி விசில். மறுபடி கால் சுற்று. என் கைக்கடியில் ஒரு வீடு மேலே போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் போய் உடம்பெல்லாம் ஒரு துடிப்பு வந்துவிட்டது. அடுத்த விசில் எப்போது வருமென்று காது காத்துக்கொண்டிருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் முகத்திலும் அதே துடிப்பைப் பார்த்தேன்.

உள்ளே இருந்தவர்களுக்கு அது வேறு காட்சி. பவ்யா அப்புறம் சொன்னாள். வடக்குக் கோலுக்குப் பின்னால் தகரத்துக்கு மேலே பின்சுவர் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொரு விசிலுக்கும் அதற்குப் பின்னாலிருந்து தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து எழுந்ததாம். ஆவடி அணிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சிறப்பு விருந்தினர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம்.

சுலைமான் கடைசியாகக் குழாயைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. சுவரில் பிளவு விரல்கூட நுழையாத அளவுக்கு ஒட்டியிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினார். மதில் மேல் ஏறியிருந்த ஒருவன் அதைப் பார்த்து உள்ளே கை காட்ட, எழுந்ததே ஒரு சத்தம், அந்த மைதானம் அதற்கப்புறம் எந்தக் கோலுக்கும் அப்படிக் கத்தியதில்லை. குழிக்குள்ளிருந்த நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். யாரென்றே தெரியாத ஒருவர் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

நான்கு மூலையிலும் செங்கல்லும் ஆப்பும் இறுக்கிய பிறகு சுலைமான் பையன்களிடமிருந்து ஜாக்கிக் கம்பிகளைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இனி எவன் விசில் அடித்தாலும் கவலையில்லை என்றார். அப்போது சாவித்திரியக்கா அவர் முன்னால் வந்து நின்றார். மாடியை நிமிர்ந்து பார்த்தார். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். அக்கா நகரவில்லை. அவர் திரும்பி உட்கார்ந்தார். அக்கா அந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஒரே ஆளு" என்றார் சுலைமான் கடைசியில். "ரெண்டாவது ஆளு காலு வெச்சா நான் எழுந்து போய்க்கினே இருப்பேன். ஆடக் கூடாது, குதிக்கக் கூடாது. கோலு உழுந்தாலும் சிலையா நிக்கணும். சரியா?"

படிக்கட்டு தரையோடு நின்றுவிட்டதால் ஏணிதான். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். ஞானசேகரன் வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையோடு வந்து ஏணியைப் பிடித்தார். உள்ளே எல்லோரும் உங்களைத்தான் தேடுகிறார்கள், கொடியேற்ற வேண்டுமாம் என்று பவ்யா வந்து கூப்பிட்டாள். வேறு யாரையாவது ஏற்றச் சொல் என்றார். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன் நான். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேலே போன அக்கா மைதானத்தின் பக்கம் திரும்பினார். அப்புறம் குரல் வந்தது, உடைந்து வந்தது.

"புல்லு தெரியுதுய்யா. எத்தினி பச்ச. அய்யோ, எத்தினி பச்ச."

ஞானசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எதிரே அவர் கேட்டுக் கட்டிய மதில்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தாலும் பாதி மைதானம்தான் தெரிந்தது, அந்தக் கோடியில் இருக்கிற தெற்குக் கோல் வரை. கிட்டே இருக்கிற வடக்குக் கோல் மதிலுக்கு அடியில் மறைந்துவிட்டது. ஆனால் முதல் பாதியில் பரிதி கிளப் தெற்குக் கோலை நோக்கித்தான் ஆடியது. அதனால் ஒரு குறையும் இல்லை.

ரெஃப்ரி விசில் அடித்தார். வடநாட்டுப் பையன்கள் நால்வரும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியது. கூட்டத்தின் சத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துப் பந்து எங்கே போகிறது என்று ஞானசேகரன் முகத்தால் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் சத்தம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய் வெடித்தது. புது மைதானத்தின் முதல் கோல். அதைக் கொண்டுவந்த மனிதர் மதிலுக்கு வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆர்மே போட்டது? நம்மாளா?"

நிமிர்ந்து பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சொன்ன சொல் மாறாமல் சிலையாக நின்றிருந்தார் அக்கா. உதடு மட்டும் ஆடியது.

"நம்ம கோபிதான்யா" என்றார், கத்தாமல். "தலையால. ஆவடிக்காரன் பாத்துக்கினே நின்னான்."

ஞானசேகரன் ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். அழுதாரோ என்னவோ, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் கழித்து அக்கா கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிக் கீழே பார்த்தார்.

"ரெண்டாவது ஆஃப் நீ ஏறுய்யா. நான் ஏணிய புட்ச்சிக்கிறேன்."

"ரெண்டாவது ஆஃப்ல நாம போடற கோலு இந்தாண்ட ஆச்சேமே. மதிலு மறைக்குமே, அங்கேர்ந்து இன்னா தெரியும்?"

"அதுக்குத்தான் ஏறச் சொல்றேன்" என்றார் அக்கா. "உன் மதில நீ ஒருவாட்டி பாரு."

இடைவேளை விசில் அடித்ததும் அக்கா இறங்கினார், அவர் ஏறினார். உள்ளே சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் செயலாளருக்கென்று போட்டிருந்த நாற்காலி ஆட்டம் முடிகிறவரை காலியாகவே இருந்தது.